ஜப்பானிய மொழி பேசிப் பழக விஆர்சாட்: முதல் மாதத்துக்கான கையேடு

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்து நிலைகள். தொடக்க நிலையான என்5 முதல் உச்ச நிலையான என்1 வரை எதிலுமே பேச்சுத் தேர்வு கிடையாது. சொல்வளம், இலக்கணம், வாசிப்பு, கேட்டல், அவ்வளவுதான். அதனால் சென்னையில் தேர்வு எழுதி என்4 வாங்கியவர்கூட, எதிரே ஒரு ஜப்பானியர் வந்து "கொம்பன்வா" (மாலை வணக்கம்) என்றால் வாயடைத்து நிற்பது சகஜம். படிப்பில் குறையில்லை, வாய்க்குத்தான் பழக்கமில்லை. பழக ஆள் வேண்டும். நம் ஊரில் அந்த ஆள் கிடைப்பது அரிது, கட்டணம் கட்டிப் பேசினால் வாரத்துக்கு அரை மணிக்கு மேல் கட்டுப்படியாகாது.

செலவில்லாமல் ஆள் கிடைக்கும் இடங்களில் ஒன்று விஆர்சாட். 2017 பிப்ரவரியில் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையில் வெளியான மெய்நிகர் உலகம் இது. ஜப்பானியர்கள் பெருங்கூட்டமாகப் புழங்குகிறார்கள், வேலை முடிந்து வந்து இரவு முழுக்க அங்கேயே உட்கார்ந்து அரட்டை அடிப்பவர்கள் ஏராளம். தலையில் மாட்டும் விஆர் ஹெட்செட் இருந்தால்தான் நுழைய முடியும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேவையில்லை. சாதாரண விண்டோஸ் கணினியில் விசைப்பலகையும் சுட்டியும் வைத்தே நுழையலாம். இந்தக் கட்டுரை அப்படி நுழைபவர்களுக்காக. (ஜப்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். உச்சரிப்பை ஹிரகானா எழுத்தோடு சேர்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இங்கே பயன் கிடைப்பது ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்கு, ஒரே ஆட்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குத்தான். நாளுக்கொரு புது உலகம் (விஆர்சாட்டுக்குள் இருக்கும் தனித்தனி இடங்களுக்கு அந்தப் பெயர்) தேடி அலைபவருக்கு ஒரு மாதம் கழித்து சுய அறிமுகம் மட்டும் தேன் மாதிரி ஒழுகும், அதற்கு அடுத்த வாக்கியம் வராது. கீழே சொல்லும் அமைப்புகள், வழக்கங்கள் எல்லாம் அந்த இடத்தையும் ஆட்களையும் சீக்கிரம் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

எந்த நிலையில் போகலாம், எத்தனை மணிக்கு

ஹிரகானா, கட்டகானா சரளமாக வாசிக்க வேண்டும். என்5 அளவு இலக்கணம், ஐந்நூறு அறுநூறு சொற்கள் கைவசம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் போகாதீர்கள். மொழியை முதலிலிருந்து சொல்லித்தர அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பொழுதுபோக்க வந்தவரை இலவச ஆசிரியராக்கினால் பத்து நிமிடத்தில் நழுவிவிடுவார்.

ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னே. அங்கே கூட்டம் சேர்வது இரவு 9 முதல் 1 மணி வரை. அதாவது இந்தியாவிலும் இலங்கையிலும் மாலை 5.30 முதல் இரவு 9.30 வரை. கல்லூரியோ அலுவலகமோ முடிந்து வருபவருக்கு இதைவிடத் தோதான நேரம் அமையாது. சிங்கப்பூர், மலேசியாவில் இரவு 8 முதல் நள்ளிரவு வரை. லண்டனில் இருப்பவர்களுக்கு நண்பகல், டொராண்டோவில் காலை 7, 8 மணி. அவர்களுக்கு வார இறுதிதான் ஒத்துவரும். வெள்ளி, சனி இரவுகளில் ஜப்பானியர்கள் அதிக நேரம் விழித்திருப்பார்கள், ஆனால் இரைச்சலும் அதிகம். புதியவருக்குச் செவ்வாய், புதன் போன்ற நாட்கள் நல்லவை. ஆள் குறைவு, பொறுமை அதிகம்.

கணினி, இணையம்

8 ஜிபி ரேம் என்றால் முக்கி முனகி ஓடும், 16 ஜிபி நிம்மதி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கிராஃபிக்ஸ் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, ஆள் குறைவான இடங்களில் சமாளிக்கலாம். மேக் கணினிக்கு நேரடியான பதிப்பு கிடையாது. ஆண்ட்ராய்டு செயலி உண்டு, ஆனால் கணினிக்கு மட்டும் என்று கட்டப்பட்ட உலகங்கள் அதில் திறக்காது, போனும் கொதிக்கும். எட்டிப்பார்க்கப் போன் போதும், பழகக் கணினிதான் சரி.

இணையத்தைத் தின்பது குரல் அல்ல, அவதார்கள், அதாவது அங்கே ஒவ்வொருவரும் பூண்டிருக்கும் உருவங்கள். எதிரே நிற்கும் ஒவ்வொருவரின் அவதாரும் உங்கள் கணினிக்கு இறங்க வேண்டும். கணினிப் பதிப்பில் ஒரு அவதார் 200 எம்பி வரைகூட இருக்கலாம். இருபது பேர் நிற்கும் அறைக்குள் நுழைந்தால் தினம் ஒன்றரை ஜிபி தரும் மொபைல் பேக் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமைப்புகளில் அவதார் பதிவிறக்க அளவுக்கு உச்சவரம்பு வைக்க வழி இருக்கிறது, அதை 25 அல்லது 50 எம்பிக்கு இறக்குங்கள். வரம்பைத் தாண்டியவர்கள் எளிமையான மாற்று உருவத்தில் தெரிவார்கள். குரலுக்கு ஒன்றும் ஆகாது.

மைக்: பாதித் தோல்வி இங்கேதான்

ப்ளூடூத் இயர்போன் வேண்டாம். மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது பெரும்பாலான ப்ளூடூத் இயர்போன்கள் தொலைபேசி அழைப்புத் தரத்துக்கு இறங்கிவிடும், போகும் குரலும் வரும் குரலும் மங்கும். தாய்மொழியில் பேசும்போது இது உறைக்காது, விட்டுப்போன எழுத்தை மூளை நிரப்பிக்கொள்ளும். கற்கும் மொழியில் அந்த வசதி கிடையாது. முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வயருள்ள மைக் இயர்போன் இந்த வேலைக்கு விலையுயர்ந்த ப்ளூடூத்தைவிட மேல்.

தமிழ் பேசுபவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று. குறில் நெடில் நமக்கு ரத்தத்தில் ஊறியது, ஒற்று மிகுவதும் அப்படியே. ஆகவே ஆங்கிலேயர்கள் தடுமாறும் நீள உயிரும் இரட்டை மெய்யும் நமக்கு வலிக்காது. ஆனால் 'தென்கி' என்று நாம் ஒரே மாதிரி எழுதும் ஒலி, வல்லொலியாகச் சொன்னால் வானிலை, மெல்லொலியாகச் சொன்னால் மின்விளக்கு. க, த, ப மூன்றிலும் இந்த வித்தியாசத்தைத் தமிழ் எழுத்து காட்டாததால் வாயும் அலட்சியமாக இருக்கும். மோசமான மைக் மிச்சம் இருக்கும் வித்தியாசத்தையும் தின்றுவிடும். எதிரில் இருப்பவர் உங்கள் இலக்கணம் தவறு என்று நினைத்துக்கொள்வார்.

மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள், மைக்கில் புயல் அடிக்கும். விஆர்சாட்டின் குரல் அமைப்புகளில் இரைச்சல் குறைப்பு இருக்கிறது, அதை முடுக்கிவிடுங்கள். மைக் எந்த அளவு சத்தத்துக்கு விழித்துக்கொள்ள வேண்டும் என்ற அளவுகோலையும் மெல்ல ஏற்றி, நீங்கள் பேசாதபோது மைக் குறி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு பேசினால் எதிராளிக்கு அவர் குரலே திரும்ப ஒலிக்கும். யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், சத்தமில்லாமல் விலகிப் போவார்கள்.

கணக்கு, பெயர், மொழி அடையாளம்

ஸ்டீம் கணக்கை வைத்தே உள்ளே போகலாம் என்றாலும், விஆர்சாட் இணையதளத்தில் தனிக் கணக்கு தொடங்குங்கள். பிற்பாடு போனிலோ ஹெட்செட்டிலோ அதே கணக்கில் நுழைய அதுதான் வசதி. குறைந்தபட்ச வயது 13.

பெயர் தலைக்கு மேலே பலகையாகத் தொங்கும். மாற்ற நினைத்தால் 90 நாள் காத்திருக்க வேண்டும், எனவே யோசித்து வையுங்கள். உயிரொலியில் முடியும் இரண்டு மூன்று அசைப் பெயர் ஜப்பானியர் வாயில் சட்டென்று ஒட்டும். 'மாரி', 'ரவி' எல்லாம் நன்றாகவே வரும். ('ரவி' 'ராபி' ஆகும், பரவாயில்லை.) முழுப் பெயர், ஊர், கல்லூரிப் பெயர் எதையும் வைக்காதீர்கள்.

சுயவிவரத்தில் மூன்று மொழிகள் வரை குறிக்கலாம். ஜப்பானியத்தையும் ஆங்கிலத்தையும் குறியுங்கள். நிலைவரி என்று ஒரு சிறு இடம் உண்டு. அதில் 'ஜப்பானியம் கற்கிறேன், என்4' என்று ஜப்பானிய எழுத்திலேயே போடுங்கள். உங்களைச் சொடுக்கிப் பார்ப்பவர் முதல் வாக்கியத்திலேயே வேகத்தைக் குறைப்பார். நிறமும் முக்கியம்: பச்சை என்றால் இருக்கிறேன், நீலம் என்றால் வந்து சேருங்கள், ஆரஞ்சு என்றால் கேட்டுவிட்டு வாருங்கள், சிவப்பு என்றால் தொந்தரவு வேண்டாம். நண்பர் ஆரஞ்சில் இருந்தால் அவர் எங்கே இருக்கிறார் என்பது தெரியாது, அழைப்பு கேட்டு அனுப்பலாம். சிவப்பில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும்

டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளால் நடை, ஷிஃப்ட் சேர்த்தால் ஓட்டம். எஸ்கேப் விசை மெனுவைத் திறக்கும். ஆர் விசை வட்டமான செயல் மெனு. கையசைப்பு, தலைவணங்கல் போன்றவை அதில். வி விசை மைக்கை அணைக்கும், திறக்கும். ஒய் விசை எழுத்துப் பெட்டியைத் திறக்கும். ஒரு தடவைக்கு 144 எழுத்துகள்தான். ஜப்பானிய எழுத்து உள்ளீடு அந்தப் பெட்டியில் முரண்டு பிடித்தால் நோட்பேடில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அடுத்து ஒலி அளவுகள். உலகத்தின் ஒலி, அவதார்களின் ஒலி, மனிதக் குரல் என்று தனித்தனியாக அளவுகோல் இருக்கிறது. முதல் இரண்டையும் 20 சதவீதத்துக்கு இறக்கிவிட்டுக் குரலை முழுதாக வையுங்கள். பின்னணி இசைக்கு நடுவே கற்கும் மொழியைப் பிரித்துக் கேட்பது வீண் சிரமம். ஒருவரின் குரல் மட்டும் சன்னமாக இருந்தால், அவரைச் சொடுக்கி அவருக்கு மட்டும் அளவை ஏற்றலாம்.

குரல் தூரத்தைப் பொறுத்துத் தேயும். வழக்கமான அமைப்பில் 25 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் கேட்காது. நடுக்கூடத்தில் நின்றால் நாலு குழுக்களின் பேச்சும் காதில் மோதும். 'இயர்மஃப்' என்ற வசதியை இயக்கினால் உங்களைச் சுற்றிச் சிறு வட்டத்துக்கு வெளியே இருக்கும் சத்தம் அமுங்கிவிடும். கற்பவர்களுக்கென்றே செய்தது போன்ற இந்த வசதியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

எந்த உலகம், எந்தப் பிரதி

உலகங்கள் தேடலில் 'இஎன்-ஜேபி லாங்குவேஜ் எக்ஸ்சேஞ்ச்' என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஆங்கிலம் பழக வந்த ஜப்பானியர்களும் ஜப்பானியம் பழக வந்த மற்றவர்களும் சந்திப்பதற்கென்றே கட்டிய உலகம் இது. தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

ஒரே உலகத்துக்குப் பல பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடும். அவற்றை இன்ஸ்டன்ஸ் என்பார்கள். எந்தப் பிரதியில் எத்தனை பேர், சர்வர் எந்த நாட்டில் என்று பட்டியலில் தெரியும். ஜப்பான் சர்வரில் இருக்கும், பத்து முதல் இருபத்தைந்து பேர் உள்ள பிரதியைத் தேர்ந்தெடுங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் ஆள் எழுந்து போய் அவதார் மட்டும் நிற்கலாம், நாற்பதுக்கு மேலே என்றால் சந்தை. அமெரிக்க சர்வர் பிரதிகளில் ஆங்கிலமே ஓங்கியிருக்கும்.

ஜப்பானியப் புதியவர்களுக்கென்று 'ஜேபி டுடோரியல் வேர்ல்ட்' உண்டு. அதைப் பயிற்சிக் கூடமாக நினைத்துப் போகாதீர்கள். அங்கே நிற்பவர்கள் விஆர்சாட் தெரியாத ஜப்பானியருக்கு வழிகாட்ட வந்தவர்கள். சில ஜப்பானிய உலகங்களின் வாசலில் ஜப்பானிய மொழியில் கேள்வி இருக்கும், சரியான விடை சொன்னால்தான் கதவு திறக்கும். விடையை இணையத்தில் தேடி எடுத்துக்கொண்டு நுழைபவர்கள் உண்டு. உள்ளே போய் ஒரு வார்த்தை புரியாமல் நிற்பதில் என்ன லாபமோ!

முதல் பத்து நிமிடம்

நுழைந்தவுடன் பேசாதீர்கள். அவதார்கள் இறங்கி முடியும்வரை கணினி திக்கும், உங்கள் குரலும் சேர்ந்து திக்கும். ஓரமாக ஒதுங்கி ஒரு நிமிடம் கேளுங்கள். பெரும்பாலான குழுக்கள் அங்கே இருக்கும் நிலைக்கண்ணாடி முன்னால் நிற்கும் அல்லது உட்கார்ந்திருக்கும். மூன்று அல்லது நான்கு பேர் உள்ள குழுவே உங்களுக்கு உகந்தது. இருவர் நெருங்கி நின்று பேசினால் அது அவர்களுடைய பேச்சு.

குழுவின் ஓரத்தில், இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். பேச்சில் இடைவெளி வரும்போது "கொம்பன்வா". யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். "ஹஜிமெமாஷிதெ, ராபி தெஸ். நிஹொங்கோ ஒ பென்க்யோ ஷிதெ இமாஸ்." (முதல் சந்திப்புக்கான வணக்கம், நான் ரவி, ஜப்பானியம் படிக்கிறேன்.) அதற்கு ஒரு வியப்பொலி எழும், எந்த ஊர் என்று கேட்பார்கள். "இந்தோ நி ஸுந்தெ இமாஸ்" (இந்தியாவில் வசிக்கிறேன்). இந்தியா என்றதும் அடுத்து கறி (ஆங்கிலத்தில் 'கரி' என்னும் குழம்பு) பற்றிக் கேள்வி வரும், ஏறக்குறைய நிச்சயம். அதற்கு மூன்று வாக்கியம் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டில் தினமும் என்ன சாப்பிடுவீர்கள், சோறா ரொட்டியா, காரம் எவ்வளவு. ஜப்பானியர் அறிந்த கறி கெட்டியான இனிப்புச் சுவைக் குழம்பு. நம் ரசமும் சாம்பாரும் அவர்களுக்குப் புதுச் செய்தி, பேச்சு அங்கேயே ஐந்து நிமிடம் ஓடும். பிறகு நீங்கள் கேட்க ஒரு கேள்வி: "கவாயீ அபதா தெஸ் நெ" (அழகான அவதார்) என்று அவதாரைப் பாராட்டி, அது என்ன உருவம் என்று விசாரிக்கலாம். பலர் அவதாரைக் காசு கொடுத்து வாங்கி, உடையையும் முடியையும் மாற்றி இழைத்து வைத்திருப்பார்கள். அதைப் பற்றிப் பேச அவர்களுக்கு அலுப்பே வராது. வயது, வேலை, உண்மைப் பெயர், நிஜ முகம் இவை பற்றிக் கேட்கவே கூடாது.

அடுத்தது, யாரும் சொல்லித்தராத ஒன்று. ஜப்பானியப் பேச்சில் கேட்பவர் இடைவிடாமல் உம் கொட்ட வேண்டும். நாமும் அந்த ஜாதிதான், கதை கேட்கும்போது "ம்ம்" சொல்லாவிட்டால் பாட்டிக்குக் கோபம் வரும். "ஹாய்" (ஆம்), "ஏ", "ஸோ தெஸ் நெ" (அப்படித்தான், இல்லையா) என்று சிறு சிறு ஒலிகள். நேரில் என்றால் தலையாட்டலும் உதவும். கணினியில் விளையாடுபவரின் அவதாருக்குத் தலை தானாக ஆடாது, முகமும் மாறாது. நீங்கள் ஊமையாகக் கேட்டால், இணையம் அறுந்துவிட்டது என்று எதிராளி நினைப்பார், பாதி வாக்கியத்தில் நிறுத்தி "கேட்கிறதா?" என்பார். எனவே விசையை அழுத்திப் பேசும் முறை வேண்டாம், அதில் உம் எப்போதும் தாமதமாகத்தான் போகும், முதல் அசையும் வெட்டுப்படும். மைக் திறந்தபடி இருக்கட்டும், இரைச்சல் குறைப்பு பார்த்துக்கொள்ளும். சுட்டியை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் அவதார் தலையாட்டும். சின்ன வித்தைதான், ஆனால் பேச்சின் ஓட்டத்தையே மாற்றிவிடும்.

விடைபெறும்போது "ஸொரோஸொரோ ஒச்சிமாஸ்" (கிளம்பும் நேரமாகிவிட்டது), பிறகு பிரியும்போது சொல்லும் "ஒத்ஸுகரெஸாமா தெஷ்தா". சொல்லாமல் மறைந்து போவது அநாகரிகம்.

பேசவே துணிச்சல் வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. குரலே கொடுக்காமல் சைகையாலும் எழுத்தாலும் மட்டும் பழகுபவர்கள் ஜப்பானியர்களிலேயே கணிசம், அதை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. பல உலகங்களில் காற்றில் எழுதும் பேனா கிடக்கும். முதல் வாரம் அப்படியே கேட்டுக்கொண்டு, எழுதிப் பதில் சொல்லலாம். இரண்டாம் வாரமும் அப்படியே நீடித்தால் பிறகு வாய் திறக்கவே திறக்காது.

ஆங்கிலத்துக்குத் தாவும் பேச்சு

பெரும்பாலானோர் சலித்து விலகுவது இதனால்தான். நீங்கள் தடுமாறியவுடன் எதிராளி ஆங்கிலத்துக்கு மாறுகிறார். அவரும் ஆங்கிலம் பழகத்தானே வந்திருக்கிறார்! உங்கள் ஆங்கிலம் அவருடையதைவிடச் சரளம் என்றால் பேச்சு அந்தப் பள்ளத்திலேயே ஓடும். ஒரு மணி நேரம் கழித்து நீங்கள் இலவச ஆங்கில ஆசிரியர்.

வெட்கப்படாமல் நேரத்தைப் பிரியுங்கள். முதல் பதினைந்து நிமிடம் ஜப்பானியம், அடுத்த பதினைந்து ஆங்கிலம். இதை நீங்களே முன்மொழியுங்கள், முதல் பங்கு ஜப்பானியமாக இருக்கட்டும், ஏனென்றால் இரண்டாம் பங்குக்குள் மூன்றாமவர் வந்து குழுவே கலையலாம். அவர் ஆங்கிலத்தில் கேட்டாலும் உங்கள் நேரத்தில் நீங்கள் ஜப்பானியத்திலேயே பதில் சொல்லுங்கள். இரண்டு, மூன்று பதிலுக்குப் பின் பெரும்பாலும் அவரும் திரும்பிவிடுவார். ஆங்கிலமே வராத ஜப்பானியர் கிடைத்தால் அது வரம். இத்தகைய அறைகளில் கூச்சத்தோடு ஓரமாக நிற்பவர்தான் பெரும்பாலும் அவர்.

எங்கே தடுமாறுகிறீர்கள் என்பதும் முக்கியம். வாக்கிய அமைப்பில் நாம் தடுமாறத் தேவையில்லை, வினை கடைசியில் வருவதும் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் தமிழ் போலவே. ஆனால் ஆங்கிலத்தில் யோசித்து ஜப்பானியத்துக்கு மாற்றும் பழக்கம் பள்ளிக்கூடத்தால் வந்திருக்கும். அதை விட்டுத் தமிழில் யோசித்தால் சொற்கள் வரிசை மாறாமல் விழும். இதைச் செய்து பார்த்தவர்களுக்கே அதன் வேகம் தெரியும்.

காதில் விழாதபோது

புரியாமல் சிரித்து வைப்பதுதான் பெரிய தவறு. அடுத்த கேள்வி அதன்மேல் கட்டப்படும், மூன்றாவது கேள்வியில் குட்டு வெளிப்படும். மூன்று படிகளாகக் கேளுங்கள். முதலில் "மோ இச்சிதோ ஒனெகைஷிமாஸ்" (இன்னொரு முறை, தயவுசெய்து). இரண்டாம் முறையும் விழாவிட்டால் காதில் விழுந்த சொல்லை மட்டும் கேள்வியாகத் திருப்பிச் சொல்லுங்கள், அவர் அதை உடைத்து விளக்குவார். அப்போதும் இல்லையென்றால் "சாத்தோ நி கைதெ மொராயெமாஸ் கா", எழுத்தில் தரச் சொல்லுங்கள். நான்காம் முறை கேட்க வேண்டாம், தலைப்பை மாற்றுங்கள்.

பேச்சை எழுத்தாக்கி மொழிபெயர்த்துத் தலைக்கு மேலே காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விஆர்சாட்டின் செயல் மெனுவில் ஓஎஸ்சி என்பதை இயக்கினால் அவை வேலை செய்யும். வெறும் நட்புக்கு நல்ல கருவி, பயிற்சிக்குக் கேடு. கண் எழுத்துக்குப் போனால் காது தூங்கிவிடும். வேண்டுமானால் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் இயக்கி, முன்னே புரியாமல் விட்டதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு அமர்வு 45 முதல் 60 நிமிடம். அதற்கு மேல் காது களைத்துவிடும், பேசுவதெல்லாம் ஒற்றைச் சொல்லாகும். விசைப்பலகை பக்கத்தில் தாளும் பேனாவும் வையுங்கள். வெளியேறியதும் ஐந்தே விஷயங்களை எழுதுங்கள்: சொல்ல நினைத்து வராத மூன்று, கேட்டுப் பிடித்துப்போன இரண்டு. வராத மூன்றுக்கும் சரியான வாக்கியத்தைத் தேடி, அடுத்த அமர்வில் எப்படியாவது நுழைத்துவிடுங்கள். உரையாடலைப் பதிவு செய்வது வசதிதான், ஆனால் அனுமதி கேட்காமல் யாருடைய குரலையும் பதிவு செய்யக் கூடாது.

தவறாகப் படிந்துவிடக் கூடியவை

யாரிடமிருந்து கற்கிறீர்கள் என்று பாருங்கள். மொழிப் பரிமாற்ற உலகத்தில் பாதிப் பேர் உங்களைப் போன்ற மாணவர்கள். அவர்களிடம் பேசினால் தைரியம் வரும், சரியான வாக்கியம் வராது. மாணவர்களுக்குள்ளேயே வட்டம் போட்டு மாதக்கணக்கில் ஒரே பிழையைப் பரிமாறிக்கொள்ளும் குழுக்கள் உண்டு.

நண்பர்களுக்குள் ஜப்பானியர் பேசும் கொச்சை நடை காதுக்கு இனிமையாக இருக்கும், உடனே ஒட்டிக்கொள்ளும். புதியவரிடம் அதை எடுத்து வீசினால் முகம் சுளிப்பார்கள், நேர்முகத் தேர்வில் வேலை போய்விடும். நீங்கள் 'தெஸ், மாஸ்' என்று முடியும் மரியாதை நடையிலேயே இருங்கள். எதிராளி கொச்சைக்கு மாறி, உங்களையும் அப்படிப் பேசச் சொன்னால் மாறலாம்.

திருத்தச் சொன்னால்தான் திருத்துவார்கள். "நவோஷிதெ குதஸாய்" (திருத்துங்கள்) என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் மரியாதைக்காக "நன்றாகப் பேசுகிறீர்கள்" என்றே பதில் வரும். "இந்த வாக்கியம் இயல்பாக இருக்கிறதா, வேறு மாதிரி சொல்வீர்களா?" என்று ஒரே ஒரு வாக்கியத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், உண்மை வரும்.

பாதுகாப்பு

பொது அறைகளில் குறும்பர்களும் வக்கிரம் பிடித்தவர்களும் வருவார்கள். வாதாடாதீர்கள். ஆளைச் சொடுக்கித் தடைசெய்தால் அவர் உங்களுக்கும் நீங்கள் அவருக்கும் தெரியாமலும் கேட்காமலும் போவீர்கள். பாதுகாப்பு அமைப்பில் புதியவர்களின் அவதார் விளைவுகளை அணைத்து வைத்தால், கண்ணைப் பறிக்கும் ஒளியும் காதைக் கிழிக்கும் சத்தமும் உங்களை எட்டாது. அதே வகை அமைப்பை மற்றவர்களும் வைத்திருப்பார்கள். புதுக்கணக்குக்காரரான உங்கள் அவதாரோ குரலோ சிலருக்குப் போகாமல் இருக்கலாம், பதில் வராவிட்டால் அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு முதிர முதிர, பழக்கம் கூடக் கூட விஆர்சாட் உங்கள் கணக்குக்குத் தரும் நம்பிக்கைநிலை தானாக உயரும்.

தொலைபேசி எண், முகப்படம், பண விவகாரம் மூன்றும் எவ்வளவு நெருங்கிய நண்பருக்கும் இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பொது அறைகளுக்குப் பெரியவர் ஒருவர் வீட்டில் அருகே இருக்கும்போது மட்டும் போகட்டும். மற்றவர் தலையைத் தடவுவது அங்கே பலருக்கும் சாதாரணம். ஆனாலும் கேட்காமல் கிட்டே போய் ஒட்டி நிற்காதீர்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து

ஒருவரோடு இரண்டு தடவை நன்றாகப் பேச்சு ஓடியிருந்தால் "ஃபுரெந்தோ ஒகுத்தெமோ ஈ தெஸ் கா" (நட்புக் கோரிக்கை அனுப்பலாமா) என்று கேட்டு நட்புக் கோரிக்கை அனுப்புங்கள். கேட்காமல் கண்டவருக்கெல்லாம் அனுப்பினால் மதிப்பு போகும். ஏழெட்டு நண்பர்கள் சேர்ந்ததும் பொது அறையை விட்டுவிடலாம். நண்பரும் நண்பரின் நண்பரும் மட்டும் நுழையக்கூடிய பிரதிகள் உண்டு. உண்மையான ஜப்பானிய அரட்டை நடப்பது அங்கேதான், ஆங்கிலமும் அங்கே தலைகாட்டாது. நண்பர் நீலத்திலோ பச்சையிலோ இருந்தால் போய்ச் சேருங்கள், கும்பலில் உங்களை அவரே அறிமுகம் செய்துவைப்பார்.

வாராவாரம் குறித்த நேரத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளும் ஏராளம்: மதுக்கடை பாவனையில் அரட்டை, வினாடிவினா, வாசிப்பு வட்டம் என்று. அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து விடாமல் போங்கள். முதல் வாரம் விருந்தாளி, நான்காம் வாரம் போகாவிட்டால் 'எங்கே காணோம்' என்று கேட்பார்கள். 2018-இலிருந்து நடக்கும் 'வர்ச்சுவல் மார்க்கெட்' என்ற கண்காட்சி நேரத்தில் உங்கள் ஜப்பானிய நண்பரோடு சேர்ந்து கடைகளைச் சுற்றிப் பாருங்கள். எதிரே பொருள் இருந்தால் பேச விஷயம் தேட வேண்டியதில்லை. இது என்ன, எவ்வளவு, உனக்குப் பிடித்திருக்கிறதா என்று இலக்கணப் புத்தகத்தின் முதல் பத்துப் பாடமும் அங்கேயே உயிர்பெறும்.

ஹெட்செட் வாங்கும் ஆசை இந்தக் கட்டத்தில் வரும். தலையசைப்பும் கையசைப்பும் இயல்பாக வரும் என்பது உண்மையான லாபம். ஆனால் தனித்து இயங்கும் குவெஸ்ட் வகையில் ஆண்ட்ராய்டு போலவே கணினிக்கு மட்டுமான உலகங்கள் திறக்காது, அவற்றுக்குக் கணினியோடு இணைக்க வேண்டும், அந்தக் கணினியும் வலுவாக இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டு தாளில் குறிப்பெடுக்கவும் முடியாது. வாரத்துக்கு மூன்று நாளாவது தவறாமல் போகிறவராக மூன்று மாதம் இருந்த பிறகு யோசித்தால் போதும்.

கணினி விஆர்சாட்டுக்குத் தாங்கவில்லை, அல்லது குரலைவிட எழுத்தில் பழகத்தான் விருப்பம் என்றால், 2003-இல் தொடங்கிய செகண்ட் லைஃப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே எழுத்து அரட்டைக்கே முதலிடம். சாதாரணமாக எழுதினால் 20 மீட்டருக்குள் இருப்பவருக்குத் தெரியும், கிசுகிசுத்தால் 10 மீட்டர், கத்தினால் 100 மீட்டர். வந்த வாக்கியத்தை நிதானமாக அகராதியில் பார்த்துப் பதில் எழுதலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஜப்பானியர் கூட்டம் விஆர்சாட் அளவுக்கு இருக்காது. ஆனால் கேட்டதைப் பிடிக்கத் திணறும் என்5 மாணவருக்கு, விஆர்சாட்டுக்குப் போவதற்கு முந்தைய இரண்டு மாதத்தை அங்கே கழிப்பது மோசமான யோசனை இல்லை.